பதினேழு குறைகளும் ஒரு நிறையும்

எங்கள் ஆட்கள் எதை வெளியிட்டாலும், அது புத்தகமோ பாட்டோ படமோ, மேடையில் ஏழெட்டுப் பேர் பேசி முடிக்காமல் அது வெளியே வராது. வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வெளியீட்டுரை என்று போய், ஆக்கியவரின் ஏற்புரையில் வந்து நிற்கும். அதற்குப் பிறகும் ஒருவர் எழுந்து நன்றியுரை என்று அரை மணி நேரம் அறுப்பார். மொன்றியலில் நாங்கள் இதற்குள் இன்னும் இரண்டைச் செருகி வைத்திருக்கிறோம். ஒருவர் நிறை சொல்ல வேண்டும், இன்னொருவர் குறை சொல்ல வேண்டும். நிறை சொல்ல ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். குறை சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை, ஏனென்றால் மறுநாள் பார்க் எக்ஸ்டென்ஷனில் மீன் வாங்கப் போகும்போது அதே மனிதரின் முகத்தில் முழிக்க வேண்டும். பதினைந்து வருடம் அந்த வேலையை நான் செய்தேன். இப்போது செய்வதில்லை.

என் தொழில் சென்ட் லோரன்ட்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்ப்பது. மாத்திரைப் போத்தல்கள் வரிசையாக ஓடி வரும். மூடி சரியில்லாததை, ஒட்டுத்தாள் கோணலானதைக் கண்டுபிடித்து எடுத்து எறிய வேண்டும். நாள் முழுக்கப் பிழை பிடிக்கிற கண், வேலை முடிந்தவுடன் அணைந்துவிடாது. வாயும் கொஞ்சம் கெட்ட வாய். கவிதைப் புத்தகம் போட்ட ஒரு மனிதர் என் உரைக்குப் பிறகு இரண்டு வருடம் என்னைக் கண்டால் வீதியின் மறுபக்கம் மாறிவிடுவார். அதை நான் ஒரு பட்டம்போல் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆகவே சங்கத் தலைவர் தொலைபேசியில் அழைத்து, ஆனி மாதம் ஒரு படம் திரையிடுகிறோம், நீங்கள்தான் குறை சொல்ல வேண்டும் என்றபோது எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம், அந்தப் படம் என் மகளின் படம் என்பதுதான்.

"எனக்கு விசரோ உங்களுக்கு விசரோ?" என்று கேட்டேன். "தகப்பனைப் போய்க் குறை சொல்லச் சொல்லுறியள்."

"அண்ணை, ஆறுதலாக் கேளுங்கோ. இருபத்திரண்டு பிள்ளையள் நடிச்சிருக்கினம். வேறை ஆரும் குறை சொன்னால் இருபத்திரண்டு வீட்டுக்காரரும் என்னோடை கோவிப்பினம். பொறாமையிலை சொல்லுறான் எண்டுவினம். நீங்கள் சொன்னால் ஆர் வாய் திறக்கிறது? உங்கட பிள்ளையின்ரை படம்."

இப்படி ஒரு யோசனை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் வந்திருக்காது. அதற்கு ஒத்துக்கொள்ளவும் எங்கள் ஆட்களால்தான் முடியும். மகளிடம் கேட்டீர்களா என்றேன்.

"கேட்டனான். 'அப்பா காருக்குள்ளை எப்பிடியும் சொல்லத்தான் போறார், மைக்கிலை சொல்லட்டும்' எண்டு சொன்னவ."

அந்தப் பதிலைக் கேட்டு நான் சந்தோசப்பட்டேன் என்றால் நம்ப மாட்டீர்கள். மகளுக்கு அப்போது இருபத்தொரு வயது. பல்கலைக்கழகத்தில் மருந்தாளர் படிப்பில் ஒரு வருடம் முடித்தவள், ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அதை விட்டுவிட்டுச் சினிமா படிக்கப் போவதாகச் சொன்னாள். அந்தக் கிழமை நான் போட்ட சத்தம் மேல்மாடி கிரேக்கக் கிழவருக்கும் கேட்டிருக்கும். அதன் பிறகு அவள் என்னுடன் மூன்று சொற்களில் சீவித்தாள்: ஓம், இல்லை, பிறகு என்பதற்குப் பேந்து. சாப்பிட்டாயா, ஓம். கார் வேணுமா, இல்லை. இஞ்சை வந்து கொஞ்சம் இரு, பேந்து. ஒன்றரை வருடம் இப்படியே போனது. நான் நியாயமாக, நேர்மையாகக் குறைகளைச் சொன்னால் அவள் கொதித்துப்போய் என்னுடன் வாதாட வருவாள் என்று நினைத்தேன். சண்டை பிடித்தாலும் பரவாயில்லை, வாய் திறந்து நாலு வசனம் கதைத்தால் போதும் என்ற நிலைக்கு நான் வந்துவிட்டிருந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

படத்தை அவள் தாயின் தொலைபேசிக்கு அனுப்பினாள். மனைவி எனக்கு அனுப்பினாள். தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில், சாப்பாட்டுப் பெட்டியில் தொலைபேசியைச் சாய்த்து வைத்து, மூன்று மதிய இடைவேளைகளில் பார்த்து முடித்தேன். பக்கத்தில் ஒரு கொப்பி. இலக்கம் போட்டுப் போட்டு எழுதினேன்.

எழுபது நிமிடப் படம். பாதிக்கு மேல் பிரெஞ்சு, இடையிடையே தமிழ். வரப்போகும் ஒரு காலம். மொன்றியல் தீவின் பாலங்களையெல்லாம் மூடிவிட்டார்கள். மூத்தவர்களின் ஆட்சி. பதினாறு வயதாகும் ஒவ்வொரு பிள்ளையும் மேடையேறி, தனக்கென்று ஒதுக்கப்பட்ட ஒரு மூத்தவரின் வாழ்க்கையை ஒரு சொல் பிசகாமல் ஒப்புவிக்க வேண்டும். தடுமாறினால் பாலத்துக்கு அப்பால் அனுப்பிவிடுவார்கள். கதாநாயகி தடுமாறுகிறாள். முன்வரிசையில் இருக்கும் அவளுடைய தகப்பன் எழுந்து வெளியே போய்விடுகிறான். தன்னை ஏற்றிச் செல்லும் வண்டியிலிருந்து அவள் தப்பி, ஒளிந்திருக்கும் மற்றப் பிள்ளைகளைத் திரட்டுகிறாள்; கடைசியில் எல்லாரும் அந்த மேடையில் ஏறித் தங்கள் சொந்தக் கதைகளைச் சொல்ல, ஆட்சி கவிழ்கிறது.

இந்த வகைப் படங்களோடு எனக்குப் பழைய பகை. மகளின் பன்னிரண்டு வயதிலிருந்து பதினேழு வரை, இளம் பிள்ளைகளுக்கென்று எடுக்கப்பட்ட இருண்ட எதிர்காலப் படம் ஒன்றுகூட விடாமல் நானும் பார்த்திருக்கிறேன். கலைத்தாகம் ஒன்றும் இல்லை. மகளைத் தியேட்டரில் இறக்கிவிட்டு, வெளியே அந்தக் குளிரில் இரண்டு மணித்தியாலம் காருக்குள் இருக்க முடியாது. எல்லாப் படத்திலும் உலகம் அழிந்திருக்கும், எல்லாருடைய பல்லும் பளிச்சென்றிருக்கும். சனத்துக்கெல்லாம் சாம்பல் நிற உடுப்பு, ஆனால் தலைமுடிக்கு மட்டும் அரசாங்கம் ஒரு கட்டுப்பாடும் விதிக்காது. வீட்டில் தன் கட்டிலை விரிக்காத வயதுப் பிள்ளை ஒருத்தி படம் முடிவதற்குள் ஓர் ஆட்சியைக் கவிழ்ப்பாள். தாய் தகப்பன் ஒன்றில் செத்துப்போயிருப்பார்கள், இல்லாவிட்டால் மண்டையில் ஒன்றும் இல்லாதவர்களாக இருப்பார்கள். எதிர்காலம் என்று இவர்கள் எடுப்பதெல்லாம் தாய் தகப்பன் மீதுள்ள கோபத்தைத்தான் என்று அப்போதே மகளிடம் சொல்லியிருக்கிறேன். "நீங்கள் படம் பாக்கிறேல்லை அப்பா, பிழை பாக்கிறீங்கள்" என்பாள். அந்த நாட்களில் அவ்வளவாவது கதைத்தாள்.

இப்போது அவளே அப்படியொரு படத்தை எடுத்து வைத்திருந்தாள். பிழைக்குக் குறைவில்லை. கதாநாயகி கொட்டும் பனிக்குள் ஒரு கட்டடத்துக்குள் நுழைந்து, ஐந்து நிமிடம் கழித்து, பச்சை இலைகளுக்கு நடுவே வெளியே வருகிறாள். காவலர்களின் சீருடை எங்கள் சொந்தக்காரரின் வாகனத் திருத்தகத்துச் சீருடை. நெஞ்சில் இருக்கும் பெயரைக் கறுப்பு ஒட்டுநாடாவால் மறைத்திருக்கிறார்கள், ஒருவருக்கு அது பாதி கழன்று தொங்குகிறது. பஞ்ச காலத்துப் பங்கீட்டு உணவு என்று காட்டுவது முனைக் கடை தெப்பனேரில் வாங்கிய, எள்ளுத் தூவிய பணிஸ்.

ஊரடங்குக் காட்சியில் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. ஊரடங்குச் சட்டத்துக்குள் வளர்ந்தவன் நான். படத்தில் எல்லாரும் சுவரைப் பார்த்தபடி கண்ணீர் விடுகிறார்கள். நாங்கள் சீட்டுக்கட்டில் முந்நூற்றிநாலு விளையாடினோம். கள்ளமாகச் சீட்டு இறக்கினான் என்று என் தமையனை அடிக்கப் போயிருக்கிறேன். பயம் இருந்தது, அதைவிடப் பெரிதாக அலுப்பு இருந்தது. அந்த அலுப்பை ஒரு படக்காரரும் காட்டுவதில்லை, ஏனென்றால் அதற்குப் பின்னணி இசை போட முடியாது.

கொடுங்கோலர்களின் எல்லைச் சுவராக அவள் எடுத்திருந்தது அக்காடி வீதியோரத்துக் கம்பிவேலி. எங்கள் பக்கத்து அடுக்குமாடிகளையும் அந்தப் பக்கத்துப் பணக்கார வீடுகளையும் பிரித்துக்கொண்டு, நான் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அது நிற்கிறது. ஒரு காட்சியில் வேலிக்குப் பின்னால் ஒரு பெண் நாயைக் கூட்டிக்கொண்டு சாவகாசமாகப் போவது தெரிகிறது. அதையும் இலக்கம் போட்டு எழுதினேன். ஆனால் அவள் கமராவை நிலத்தோடு வைத்து, செடிகளுக்கு ஊடாக, ஒரு சின்னப் பிள்ளை பார்ப்பதுபோல் அந்த வேலியை எடுத்திருந்தாள். இருபது வருடமாக அதன் பக்கத்தால் காரோட்டிப் போகிறவனுக்கு அன்றைக்குத்தான் அது வேலியாகத் தெரிந்தது. சாப்பாட்டை நிறுத்திவிட்டு இரண்டாம் முறையும் பார்த்தேன். கொப்பியில் எழுதவில்லை. எனக்குத் தரப்பட்ட வேலை குறை சொல்வது.

எல்லாவற்றிலும் பெரிய குறை அந்த மேடைதான். யாரைச் சொல்கிறாள் என்று எனக்கு விளங்காமலில்லை. எங்கள் பேச்சுப்போட்டியைத்தான் சொல்கிறாள். பெரியவர்கள் எழுதிக் கொடுப்பதைப் பிள்ளைகள் பிரெஞ்சு எழுத்தில் எழுதிப் பாடமாக்கி, இந்த இடத்தில் கையை உயர்த்து, இந்த இடத்தில் குரலை இறக்கு என்று வீட்டில் ஒத்திகை பார்த்து, மணி அடிப்பதற்குள் பேசி முடிக்கும் அந்தப் போட்டியை. வேலை முடிந்து களைத்து வந்து, இந்தப் பிள்ளைகளின் நாக்கில் நாலு தமிழ்ச் சொல் ஒட்டட்டும் என்று நாங்கள் பட்ட பாட்டை, கொடுங்கோலாட்சி என்று எடுத்து வைத்திருக்கிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது. பதினேழு குறைகள் சேர்ந்தன.

சனிக்கிழமை பின்னேரம், பார்க் எக்ஸ்டென்ஷனில் தேவாலயத்தின் கீழ்மண்டபம். நல்ல வெயில்; நிலத்துக்குக் கீழே இருந்தும் மண்டபம் அவிந்தது. முதலில் படம், பிறகு ரோல்ஸும் தேத்தண்ணீரும், பிறகு உரைகள். மகள் மேடையின் ஓரத்தில் கறுப்புச் சேலையில் இருந்தாள். மனைவி இரண்டாம் வரிசையில். எனக்கு முன்வரிசை, பக்கத்துக் கதிரையில் என் நண்பர். அதே தொழிற்சாலையில் என்னோடு பதினெட்டு வருடம் வேலை செய்கிறவர், படத்தில் தகப்பனாக நடித்தவரும் அவர்தான்.

நிறை சொன்னவர் டொலார்ட்-டெஸ்-ஓர்மோ புறநகரில் இருந்து வந்த ஒரு டாக்டர், தமிழ்நாட்டுக்காரர், நாற்பது வருடமாக இந்த ஊரில் இருப்பவர். திரையிட்டபோது அவர் வெளியே தொலைபேசியில் கதைத்துக்கொண்டு நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். "குழந்தைங்க ரொம்பப் பிரமாதமா பண்ணியிருக்காங்க. ஒவ்வொரு ஃபிரேமும் ஒரு பெயின்டிங். நம்ம கலாச்சாரத்த அப்படியே கண்ணு முன்னாடி நிறுத்திட்டாங்க" என்றார். எந்தக் கலாச்சாரம், எந்த ஃபிரேம் என்று சொல்லவில்லை. சனம் கை தட்டியது. மகள் கும்பிட்டாள்.

நான் ஒலிவாங்கியைப் பிடித்தேன். பனிக்குள் போய்ப் பச்சைக்குள் வந்ததைச் சொன்னதும் மண்டபம் சிரித்தது. ஒட்டுநாடாச் சீருடைக்கு அதைவிடப் பெரிய சிரிப்பு. எள்ளுப் பணிசுக்குத் திருத்தகக்காரரே விழுந்து விழுந்து சிரித்தார். ஊரடங்கைப் பற்றிச் சொன்னபோது என் வயதுக்காரர்கள் தலையாட்டினார்கள். பேச்சுப்போட்டியை எடுத்தபோது குரலை உயர்த்தினேன்: "மொழி குடுத்தது குற்றமெண்டால் நாங்கள் குற்றவாளியள்தான்." அதற்கு நல்ல கைதட்டல். மகளைப் பார்த்தேன். அவள் ஒரு தாளில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். வாதாடத் தயாராகிறாள் என்று எனக்குள் ஒரு துள்ளல்.

பதினைந்தாவதற்கு வந்தேன்.

"இனி இந்தத் தகப்பன். என்ரை நண்பர் நல்ல மனுசன், அவரிலை பிழை இல்லை. பாத்திரம் எழுதினதிலை பிழை. பிள்ளை மேடையிலை சொல் மறந்து நிக்கிறாள். அவர் எழும்புறார், காற்சட்டையை மேலை இழுக்கிறார், கண்ணாடியைக் கழட்டிச் சேட்டிலை துடைக்கிறார், போட்டுக்கொண்டு வெளியிலை போறார். உலகத்திலை எந்தத் தகப்பன் அப்பிடிப் போவான்? ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்குவான், இல்லாட்டி இருந்து அழுவான். எழும்பிப் போறவன் தகப்பனே இல்லை. நானும் ஒரு தகப்பன், எனக்குத் தெரியும். நம்ப ஏலாத பாத்திரம்."

மண்டபத்தில் சத்தம் நின்றது. என் பேச்சு ஆளைப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த பக்கத்தைப் புரட்டுவதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றிச் சேட்டில் துடைத்தேன். பின்வரிசைப் பிள்ளைகள் யாரோ ஒருவர் சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். மனைவி குனிந்து கைப்பையைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

பதினாறையும் பதினேழையும் சொன்னேன். குறை சொல்பவர் கடைசியில் ஒரு நிறை சொல்லி இறங்குவது எங்கள் வழக்கம். வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று ஒரு மரியாதை. நான் எடுத்தது படத்தின் கடைசிக் காட்சி. ஆட்சி கவிழ்ந்த பிறகு, அந்தத் தகப்பன் யாருமில்லாத அந்த மண்டபத்துக்குத் தனியே வருகிறான். அதே முன்வரிசைக் கதிரையில் இருக்கிறான். மேடையில் ஒருவரும் இல்லை. மகள் மறந்துபோன இடத்திலிருந்து அவன் வாய்க்குள் சொல்லத் தொடங்குகிறான், கடைசிச் சொல் வரை சொல்லி முடித்துவிட்டும் எழும்பாமல் இருக்கிறான். "இந்தப் படத்திலை ஒரேயொரு உண்மை அதுதான்" என்று, மகளைப் பார்த்து, மனதாரச் சொன்னேன். "அந்தக் காட்சியை எடுத்த பிள்ளைக்கு மனுசரைத் தெரியும்."

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

இறங்கி வந்து கதிரையில் இருந்தேன். நண்பர் என் பக்கம் திரும்பவில்லை. மேடையைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டார்: "அண்ணை, நீங்கள் தெரிஞ்சு சொன்னனீங்களோ, தெரியாமல் சொன்னனீங்களோ?"

"எதை?"

"அது நீங்கள்தானே. அந்தக் கண்ணாடி துடைக்கிறது, எல்லாம். பிள்ளை எனக்கு அப்பிடித்தான் நடிச்சுக் காட்டினவ. உங்களுக்குத் தெரியும், தெரிஞ்சுதான் வாறியள் எண்டு நினைச்சன்."

விளங்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அது வந்தது. அதே மண்டபம், பேச்சுப்போட்டி. அவளுக்கு ஒன்பது வயது. பேச்சை எழுதியவன் நான். ஒன்பது வயதுப் பிள்ளையின் வாயில் நுழையாத சொற்களாகப் பொறுக்கிப் பொறுக்கி எழுதினேன், ஏனென்றால் மற்றத் தகப்பன்மார் கேட்க வேண்டும். பேச்சின் மூன்றாம் பந்தியில் அவளுக்குச் சொல் வரவில்லை. நான் முன்வரிசையில் இருந்தேன், அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து வெளியே போனேன். பிறகு மனைவியிடம், காரை நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திவிட்டேன், அதுதான் போனேன் என்றேன். கார் சரியான இடத்தில்தான் நின்றது. எனக்கு அவளை நினைத்து வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை. மணி அடித்தும் அவள் இறங்காமல் நின்றாளாம். ஒரு ஆசிரியை போய்க் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தாராம். அதை நான் பார்க்கவில்லை, வாகனத் தரிப்பிடத்தில் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இதை நான் மறைத்து வைத்திருக்கவில்லை. மறந்துபோயிருந்தேன். கார்ச் சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பதுபோல, ஒரு முயற்சியும் இல்லாமல் மறந்துபோயிருந்தேன். என்னைத் தவிர அந்த மண்டபத்தில் இருந்த பாதிப் பேருக்கு அது நினைவிருந்தது. அன்றைக்கு வந்திருந்த அதே ஆட்கள்தானே இன்றைக்கும் வந்திருந்தார்கள்.

தலைவர் மகளை ஏற்புரைக்கு அழைத்தார். அவள் தாளோடு எழுந்து வந்தாள். இப்போது சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. சொல்வதற்கு எல்லா உரிமையும் அவளுக்கு இருந்தது. கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

"அப்பா சொன்ன குறையள் எல்லாம் சரி," என்று தொடங்கினாள். அவளுடைய தமிழ் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது. "பனி கரைஞ்சு போச்சு, திருப்பி எடுக்க ஏலேல்லை. சீருடைக்கு மாமாட்டை இன்னொருக்கா மன்னிப்புக் கேக்கிறன். ஊரடங்கு பற்றி எனக்குத் தெரியாது, அப்பாட்டைக் கேட்டிருக்கலாம், கேக்கேல்லை. அது என்ரை பிழை." ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தாள். பதினைந்தாவதில் தாளை மடித்தாள். "அந்த அப்பா பாத்திரம் பற்றிச் சொன்னதும் சரி. அப்பிடி ஒரு அப்பா இருக்கமாட்டார். அது நான் கற்பனை பண்ணினது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

உடனே யாரும் கை தட்டவில்லை. பிறகு தட்டினார்கள், படத்துக்குத் தட்டியதைவிட அதிகமாக. இருநூறு பேருக்கு முன்னால் என்னைக் காப்பாற்ற அவள் பொய் சொல்கிறாள் என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். எனக்கு முதலில் வந்தது ஆறுதல். தப்பினேன் என்ற ஆறுதல். வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த ஒழுங்கை மாற்றி எழுத எனக்கு மனமில்லை. எழுந்து, இல்லை, அது நான்தான் என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். ஒலிவாங்கிகூடத் தேவையில்லை, நல்ல குரல் எனக்கு. நான் எழும்பவில்லை. நன்றியுரை முடியும்வரை மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போகும்போது அக்காடி வீதியில் இன்னும் வெளிச்சம் இருந்தது. மகள் பின் ஆசனத்தில் சேலை மடிப்புகளை அள்ளிப் பிடித்துக்கொண்டு இருந்தாள். பாதி வழியில் மனைவிதான் பொறுக்க முடியாமல், "இஞ்சருங்கோ, வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்கோவன்" என்றாள்.

"பிள்ளை," என்றேன், "நான் மறந்துபோனன். சத்தியமா மறந்துபோனன்."

சிவப்பு விளக்கில் கார் நின்றது. பின்பார்வைக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. கோபம் இருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். கோபம் இல்லை.

"அது இண்டைக்குத்தான் எனக்குத் தெரியும்" என்றாள். "நீங்கள் நினைச்சு நினைச்சுக் கவலைப்படுறீங்கள், சொல்லத் தெரியாமல் இருக்கிறீங்கள் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சனான்."

ஒன்றரை வருடத்தில் அவள் என்னோடு கதைத்த நீண்ட வசனம் அது. நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது.

"பேந்து ஏன் மேடையிலை கற்பனை எண்டு சொன்னனீ? உள்ளதைச் சொல்லியிருக்கலாம்தானே."

"படத்திலை ஒரு கற்பனை இருக்குத்தானே அப்பா. நீங்கள் உண்மை எண்டு சொன்னீங்களே, அவர் திரும்பி வந்து தனிய இருக்கிறது. அதுதான் நான் கற்பனை பண்ணினது."